சாஃப்ட் பாஸ்டலுக்குச் சொரசொரப்புத் தாள்: 400ஆ, 600ஆ, பாஸ்டல்மேட்டா?

ஈரச்சாலை

எல்லோருக்கும் வணக்கம். சாஃப்ட் பாஸ்டலில், அதாவது வண்ணத்தூளை அழுத்திச் செய்த மென்மையான குச்சிகளில், நிலக்காட்சிகள் வரைகிறேன். இதுவரை கான்சன் மி-டெய்ன்ட்ஸ் 160 கிராம் தாள்தான். தேன்கூடு போன்ற அச்சுள்ள பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தில் வரைவேன். இரண்டு அடுக்கு வரை ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாவது அடுக்கில் குச்சி வழுக்க ஆரம்பிக்கிறது.

இப்போது கையில் இருப்பது மழை விட்ட பிறகு ஒரு தார்ச்சாலை. சாலை முழுக்கக் கரும் ஊதா, நடுவில் தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கின் மஞ்சள். அந்த மஞ்சளைக் கடைசியில் ஒரே இழுப்பில் வைக்க வேண்டும். வைத்தால் மஞ்சள் உட்காரவில்லை. கீழே இருக்கும் ஊதாவையும் கிளப்பிக்கொண்டு போய்ச் சாம்பல் நிறச் சேறாக நிற்கிறது. அழுத்தினால் குச்சி பொடிந்து கீழே கொட்டுகிறது.

சொரசொரப்புத் தாளுக்கு மாறச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் யூஆர்ட் என்ற நிறுவனத்தின் தாளில் மட்டும் 240 முதல் 800 வரை ஏழு எண்கள். அப்புறம் பாஸ்டல்மேட், கலர்ஃபிக்ஸ், லா கார்ட், மி-டெய்ன்ட்ஸ் டச் என்று வேறு தாள்கள். தலை சுற்றுகிறது. எல்லாவற்றிலும் ஒன்றொன்று வாங்கிப் பார்க்கும் வசதி இல்லை. என்னிடம் இருப்பவை முங்யோ அரைக்குச்சிப் பெட்டி, சில ரெம்பிராண்ட், தோழி கொடுத்த கொஞ்சம் சென்னெலியே. எதை வாங்குவது?

---

நெட்டிலிங்கம்

யூஆர்ட் 400. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

---

கரித்துண்டு

நெட்டிலிங்கம் சொன்ன பதில் சரிதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் வாங்கினால் அடுத்த பெட்டி பாஸ்டல் வாங்கும்போது மறுபடியும் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தாளின் சொரசொரப்பு என்பது மேடும் பள்ளமும்தான். பாஸ்டலில் பசை மிகக் குறைவு. எண்ணெய் வண்ணம் போலக் காய்ந்து ஒட்டிக்கொள்ளாது. அந்தப் பள்ளங்களில் தூள் தங்குவதால்தான் படம் நிற்கிறது. பள்ளம் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் தூளுக்கு இடமில்லை. மேலாக நழுவும், கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் மஞ்சள் சேறானது அதனால்தான். உங்கள் தாளில் இருக்கும் பள்ளம் இரண்டு அடுக்குக்குத்தான் போதும்.

இப்போது குச்சி. எல்லாக் குச்சியும் ஒரே அளவு தூளை விடுவதில்லை. நியூபாஸ்டல், ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் போன்றவை கெட்டி. மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், பள்ளத்தில் இடம் மிச்சம் வைக்கும். உங்கள் முங்யோ அரைக்குச்சியும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். ரெம்பிராண்ட் நடுவில். யூனிசன் அதைவிட மென்மை. சென்னெலியே, ஷ்மின்கே எல்லாம் தொட்டாலே உதிரும் ரகம், ஓர் இழுப்பிலேயே பள்ளத்தை அடைத்துவிடும். ஆகவே கெட்டியில் தொடங்கி மென்மையில் முடிப்பதுதான் வரிசை. அந்தச் சென்னெலியே மஞ்சள் எவ்வளவு நல்ல தாளாக இருந்தாலும் கடைசியில்தான் வர வேண்டும்.

எண்களுக்கு வருவோம். எண் ஏற ஏறத் துகள் பொடி, பரப்பு வழவழப்பு. 240 தேங்காய் துருவுவது மாதிரி குச்சியைத் துருவிவிடும். ஒரு வானத்தை நிரப்புவதற்குள் அரைக்குச்சி காலி. பெரிய படம், பெரிய கை வீச்சு, எட்டு பத்து அடுக்கு என்று வேலை செய்பவர்களுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு வேண்டாம். 600, 800 பாஸ்டல் பென்சில்காரர்களுக்கு. மயிரிழை மயிரிழையாகப் போடலாம், ஆனால் மென்குச்சியை அடுக்கினால் சீக்கிரம் நிரம்பிவிடும். 400, 500 இரண்டும் நடு. கிளை, மின்கம்பி என்று நுணுக்கம் அதிகம் வேண்டுமென்றால் 500. ஈரச்சாலைக்கு 400.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத் தாளோடு ஒப்பிடாதீர்கள். பாஸ்டல்மேட்டுக்கு எண்ணே கிடையாது. அது மணல் பூச்சும் இல்லை, தாவர நாரை நுண்ணிய தூளாக்கிப் பூசியது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். இதுவா பிடிக்கப் போகிறது என்று தோன்றும். பிடிக்கும், விடாப்பிடியாகப் பிடிக்கும்.

கடையில் சோதனைத் துண்டுகள் கிடைத்தால் ஒரே குச்சியை எல்லாவற்றிலும் இழுத்துக் காதால் கேளுங்கள். 240ல் கரகரவென்று கேட்கும். 400ல் லேசான உரசல். 800ல் அனேகமாகச் சத்தமே வராது. உங்கள் கை எந்த உரசலுக்குப் பழகுகிறதோ அதுதான் உங்கள் தாள். எண் அதற்குப் பிறகுதான்.

---

பூனைமீசை

கரித்துண்டு ஐயா, பாஸ்டல்மேட்டை இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்களே! நாய், பூனை முகங்கள் வரைபவர்களில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறோம். 360 கிராம் கனம், அட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும், சுருளாது. விரல் தோலைத் தேய்க்காது. பேடாக வாங்கினால் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு மெல்லிய தாள் வைத்திருப்பார்கள், படத்தை அப்படியே மூடி வைக்கலாம். தண்ணீரும் தாங்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் அடுக்கைப் போட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும். அதைத் தேய்த்து மங்கலாக்குவது கஷ்டம். இரண்டாவது அடுக்கு போட்ட பிறகுதான் கலக்க வரும். அழிப்பதும் அவ்வளவு எளிதில்லை. வானம், மூடுபனி என்று மெத்தென்று தேய்த்து வரைபவர்கள் முதல் நாள் கோபப்படுவார்கள்.

ஈரச்சாலை, உங்கள் படத்துக்கு அடர் சாம்பல் அல்லது கருப்புக்கு நெருக்கமான ஆந்த்ரசைட் நிறம் எடுத்தால் பாதி இருட்டு தாளிலேயே வந்துவிடும். ஊதாவை இத்தனை அடுக்கு போட வேண்டிய தேவையே இருக்காது.

---

கரித்துண்டு

அந்தக் கடைசி வரி முக்கியம். தாளின் நிறமும் ஓர் அடுக்குதான். யூஆர்ட் இயல்பாக வெளிர் மணல் நிறம், கருப்பிலும் கிடைக்கிறது. வெளிர் தாளை வாங்கினால் இப்படிச் செய்யுங்கள்: கெட்டிக் குச்சியால் இருட்டுப் பகுதியை லேசாகப் பூசி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பழைய பிரஷ்ஷில் தொட்டு அதன் மேல் ஓட்டுங்கள். தூள் கரைந்து பள்ளத்தின் அடியில் சாயமாக இறங்கும். சில நிமிடத்தில் காய்ந்துவிடும், சொரசொரப்பும் குறையாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

லா கார்ட் வாங்கினால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பார்க்க அழகான தாள், வண்ணங்களும் அருமை. ஆனால் ஈரம் பட்டால் மேல்பூச்சு கரைந்து கையோடு வந்துவிடும். தும்மினால்கூடப் புள்ளி விழும் என்று எங்கள் ஓவியக் குழுவில் கிண்டல் செய்வோம். விளையாட்டில்லை, எச்சில் துளி போதும்.

---

ஈரச்சாலை

ரொம்ப நன்றி. இப்போதுதான் கொஞ்சம் பிடிபடுகிறது. ஓர் அசட்டுக் கேள்வி. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது. அதிலேயே 400 வாங்கி வரைந்தால் என்ன?

---

பட்டறைவாசி

அசட்டுக் கேள்வி இல்லை, நல்ல கேள்வி. மரச்சாமான் பாலிஷ் தொழிலில் இருக்கிறேன், பொழுதுபோக்குக்குப் பாஸ்டல். எனவே இரண்டு பக்கமும் தெரியும்.

கடையில் உப்புத்தாள் என்று கேட்டால் மரத்துக்கான பழுப்புத் தாள் தருவார்கள். அதை விடுங்கள், துகள் முரடு, சீக்கிரம் உதிரும். வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். கார் டிங்கரிங் கடைகளில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்தக் கருஞ்சாம்பல் தாள். சிலிக்கான் கார்பைடு. பின்பக்கம் எண் அச்சடித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ‘பி’ இருக்கிறதா என்று பாருங்கள். ‘பி’ போட்டது ஐரோப்பிய அளவு, அதில் 400 என்றால் துகள் சராசரியாக 35 மைக்ரான். ‘பி’ இல்லாத அமெரிக்க அளவில் அதே 400 சுமார் 23 மைக்ரான்தான். 240 வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்று, அதற்கு மேலே போகப் போக விலகும். எண் ஒன்றுதானே என்று வாங்கினால் இரண்டு தாளும் ஒன்றாக இருக்காது.

பழகுவதற்கு நன்றாகவே இருக்கும். இருண்ட தாள் என்பதால் ராத்திரிக் காட்சிகளுக்குத் தோது. ஏ4ஐவிடக் கொஞ்சம் அகலமான அளவில்தான் வரும், பெரிதாக வரைய முடியாது.

---

கோந்துப்பானை

பழகுவதற்கு என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். அந்தத் தாளைச் செய்தவர்கள் ஐம்பது வருடம் சுவரில் தொங்கும் என்று நினைத்துச் செய்யவில்லை. தேய்த்துத் தூக்கிப்போடத்தான் செய்தார்கள். அதன் காகிதமும் பசையும் அமிலம் நீக்கியவை என்று யாரும் உறுதி தருவதில்லை. மஞ்சளடித்து மொரமொரவென்று ஆகலாம். ஓவியத் தாள்காரர்கள் அமிலம் நீக்கியது என்று போட்டுத்தான் விற்கிறார்கள், நாம் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

---

பட்டறைவாசி

சண்டைக்கு வரவில்லை தோழர். காசு கொடுத்து ஒருவர் வாங்கப்போகும் படத்தை நானும் அதில் வரைய மாட்டேன். ஆனால் கற்கும் காலத்தில் ஒவ்வொரு தாளையும் தங்கமாக நினைத்துப் பயந்து பயந்து வரைபவர்களைப் பார்த்திருக்கிறேன். மலிவுத் தாளில் கை தைரியமாக ஓடும். அந்தத் தைரியத்துக்கும் ஒரு விலை இருக்கிறதல்லவா?

---

கோந்துப்பானை

அது சரி. ஆனால் அந்தத் தைரியத்தை இன்னும் நல்ல வழியிலும் வாங்கலாம். தாளை நாமே செய்துகொள்வது.

300 கிராம் வாட்டர்கலர் தாள், வழவழப்பு ரகம். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் பூச்சு) நாலு கரண்டி, பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) பொடி ஒரு கரண்டி, தயிர்ப் பதத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வேண்டிய நிறத்தில் அக்ரிலிக் வண்ணம் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். ஈரச்சாலைக்கு இண்டிகோவும் பழுப்பும். தாளை நான்கு பக்கமும் பலகையில் டேப் ஒட்டி, சிறிய ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு குறுக்குவாட்டில் இன்னொன்று. பிரஷ்ஷால் பூசினால் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் படத்திலும் தெரியும், சிலர் அதற்காகவே பிரஷ்ஷைப் பயன்படுத்துகிறார்கள். முன்பக்கம் மட்டும் பூசினால் தாள் அந்தப் பக்கம் வளையும், பின்பக்கமும் வெறும் ஜெஸ்ஸோ ஒரு கை பூசிவிடுங்கள்.

பியூமிஸ் பொடி எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஓவியக் கடையில் தேடாதீர்கள். பல்செட் செய்யும் லேப்களில் மெருகேற்ற அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையில் கிலோ கணக்கில் இருக்கும். மிக நைசான ரகம் கேளுங்கள்.

கலக்கும் வேலையே வேண்டாம் என்றால் கோல்டன் நிறுவனத்தின் பாஸ்டல் கிரவுண்ட் டப்பாவில் வருகிறது, மணல் கலந்தே இருக்கும். லிக்விடெக்ஸ் கிளியர் ஜெஸ்ஸோவும் தனியாகப் பூசினாலே சொரசொரப்பு தரும். நிறமில்லாதது, அதனால் வாட்டர்கலரில் அடிப்படம் போட்டுவிட்டு அதன் மேல் பூசலாம்.

---

மல்லிகைப்பந்தல்

கோலமாவு போடலாமா? வெள்ளையாக, நைசாகத்தானே இருக்கிறது!

---

கோந்துப்பானை

இந்தக் கேள்வி வராமல் போகாது என்று தெரியும். போடலாம், ஆனால் என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பையில் இருப்பது எந்தக் கல்லின் பொடி என்று விற்பவருக்கே தெரியாது. துகளும் ஒரே அளவில் இருக்காது, நைசுக்கு நடுவே ஒரு பெருமணி வந்து மாட்டினால் முகத்தின் கன்னத்தில் கோடு விழும். மார்பிள் பவுடர் பரவாயில்லை, பியூமிஸைவிட மென்மையான பிடி கிடைக்கும்.

எதைக் கலந்தாலும் பொடியைக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கல்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

---

யாரா_ஆற்றங்கரை

மெல்பர்னிலிருந்து. இங்கே கலர்ஃபிக்ஸ் உள்ளூர்ச் சரக்கு, ஆர்ட் ஸ்பெக்ட்ரம் செய்வது. 340 கிராம், நிறங்கள் ஏராளம். பிடி நடுத்தரம், யூஆர்ட் அளவுக்கு ஒரே சீராக இருக்காது, கொஞ்சம் கைப்பூச்சுத் தன்மை தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கிறது. அதே பூச்சைப் பாட்டிலிலும் விற்கிறார்கள். தேய்ந்துபோன இடத்தில் மறுபடி பூசி வரையலாம். ஊரில் கிடைத்தால் பாட்டிலாக வாங்குவது லாபம்.

---

மல்லிகைப்பந்தல்

இன்னொரு சந்தேகம். நான் எல்லாவற்றையும் விரலால்தான் தேய்க்கிறேன். சொரசொரப்புத் தாளில்?

---

நெட்டிலிங்கம்

400ல் ஒரு வாரம் விரலால் தேய்த்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள். கைரேகை மிஷின் உங்களை யாரென்றே கேட்கும்.

---

பூனைமீசை

சிரித்துவிட்டேன். ஆனால் உண்மை. ரத்தம் வந்த பிறகுதான் தோல் தேய்ந்ததே தெரியும், படத்திலும் கறை. பார்சலில் வரும் மெல்லிய ஃபோம் ஷீட்டைச் சிறு துண்டாக நறுக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள். அல்லது நைட்ரைல் கையுறை, நுனி கிழியும்போது மாற்றிக்கொள்ளலாம். தோல் வழியைவிட மூச்சு வழிதான் ஆபத்து. சில குச்சிகளில் காட்மியம், கோபால்ட் இருக்கும். படத்தின் மீது ஊதவே கூடாது. ஈசலைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைத்தால் உதிரும் தூள் படத்தில் படாமல் நேராகக் கீழே விழும். கீழே ஒரு ஈரத்துணி விரித்துவிடுங்கள்.

---

கரித்துண்டு

விரலைக் குறைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. சொரசொரப்புத் தாளின் அழகே மேட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் ஒரு நிறமுமாக இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான். உங்கள் தண்ணீரில் மஞ்சளுக்கு ஊடே ஊதா எட்டிப்பார்க்க வேண்டும். தேய்த்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகிவிடும். அதற்கு இவ்வளவு விலை கொடுத்து இந்தத் தாள் எதற்கு? பழைய மி-டெய்ன்ட்ஸே போதும்.

தப்பாகப் போனால் அழிரப்பர் எடுக்காதீர்கள். மொரட்டு மயிர் பிரஷ்ஷால், எண்ணெய் வண்ணத்துக்கு வாங்கினது இருந்தால் அதுவே, தட்டித் தட்டித் தூளை இறக்குங்கள். மெல்லிய நிழல் மட்டும் மிஞ்சும், பள்ளம் மறுபடி திறந்துவிடும். யூஆர்ட்டில் இதை ஒரே இடத்தில் பலமுறை செய்யலாம்.

---

பழங்காகிதம்

ஓரமாக ஒரு விஷயம். இந்தச் சொரசொரப்புத் தேடல் புதிதல்ல. லியோத்தார் என்ற ஓவியர் 1740களில் வரைந்த ‘சாக்லேட் பெண்’ இன்றும் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது, அது பாஸ்டல்தான். ஆனால் தாளில் இல்லை, பதப்படுத்திய தோலில் வரைந்தது. பரப்பு பீங்கான் போல அவ்வளவு வழவழப்பு. அதே நூற்றாண்டு ஓவியர் ரொசால்பா காரியேரா நீலத் தாளில் வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் தேகா பிற்காலத்தில் டிரேசிங் தாளில், அடுக்கின் மேல் அடுக்காக! அதில் ஏது பிடி? நடுநடுவே ஃபிக்ஸேட்டிவ் (தூளை ஒட்டவைக்கத் தெளிக்கும் திரவம்) அடித்துப் பிடியை உண்டாக்கிக்கொண்டார்.

---

ஈரச்சாலை

அப்படியென்றால் நானும் என் பழைய தாளில் ஃபிக்ஸேட்டிவ் அடித்துக்கொண்டே போனால் முடிந்ததே!

---

கரித்துண்டு

இருட்டுக்குச் சரி. வெளிச்சத்துக்குச் சரிப்படாது. ஃபிக்ஸேட்டிவ் பட்டதும் வெளிர் நிறங்கள் ஒரு படி கறுக்கும். உங்கள் ஊதா அடுக்குகளுக்கு லேசாக அடியுங்கள், அது இன்னும் ஆழமாகும், கொஞ்சம் பிடியும் கிடைக்கும். மஞ்சள் வைத்த பிறகு புட்டியைத் தொடாதீர்கள். நல்ல சொரசொரப்புத் தாளில் முடித்த படத்துக்கு நான் ஃபிக்ஸேட்டிவே அடிப்பதில்லை. கண்ணாடிச் சட்டம் போதும். அக்ரிலிக் ஷீட் போட்டுவிடாதீர்கள், அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

---

உப்புக்காற்று

கடலோரக்காரர்களுக்காக ஒன்று. படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, நடுவே இடைவெளி வைக்கச் சொல்லி ஃபிரேம்காரரிடம் நின்று பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். பாஸ்டல் பெட்டிக்குள்ளும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், பசை இருக்கும் இடத்தில் பூஞ்சை வரத்தான் பார்க்கும்.

அப்புறம், இணையத்தில் வாங்கினால் சுருட்டி அனுப்புகிறார்களா, தட்டையாக அனுப்புகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். எனக்கு ஓர் இணையக் கடை மெல்லிய குழாயில் இறுக்கிச் சுருட்டி அனுப்பியது. தட்டையாக்கப் புத்தக அலமாரியையே மேலே ஏற்றி வைக்க வேண்டியிருந்தது. மெல்லிய சொரசொரப்புத் தாளை வாங்கினால் அமிலம் நீக்கிய அட்டையில் ஒட்டிவிட்டே வரையுங்கள்.

---

ஈரச்சாலை

எல்லோருக்கும் நன்றி. முடிவுக்கு வந்துவிட்டேன். யூஆர்ட் 400ல் ஒரு பெரிய தாள் சொல்லியிருக்கிறேன், தட்டையாக அனுப்புவதாக உறுதி கொடுத்திருக்கிறார்கள். நாலாக வெட்டிக்கொள்வேன். அதில் கை வைப்பதற்கு முன்னால் பழக்கத்துக்கு வாட்டர் பேப்பர், ‘பி’ போட்ட 400. பாஸ்டல்மேட் பிறகு பார்க்கலாம்.

இன்று மாலை பல் மருத்துவப் பொருட்கள் கடைக்கும் போனேன். பியூமிஸ் என்றதும் எந்த லேப் என்று கேட்டார். ஓவியம் வரைய என்றேன். ஒரு நிமிடம் என் பற்களையே பார்த்தார். அரைக்கிலோவுக்குக் குறைந்து தர மாட்டாராம். நைஸ், மீடியம், முரடு என்று மூன்று இருக்கிறது.

---

கோந்துப்பானை

நைஸ். அரைக்கிலோவில் நீங்கள் நூறு தாளுக்கு மேல் பூசலாம், பாதியை எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. முதல் தாளைப் பூசிக் காய்ந்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது மணி தட்டுப்பட்டால் பட்டறைவாசியின் வாட்டர் பேப்பரை எடுத்து அந்த இடத்தில் மட்டும் ஒரு தேய்.